காயம் ஆறும் காலத்தில் ஓரியன்டீரிங்: போட்டியிடுவதா, போட்டியை நடத்துவதா?

ஓரியன்டீரிங் என்பது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, கன்ட்ரோல் எனப்படும் கொடி நட்ட இடங்களைத் தேடி ஓடும் விளையாட்டு. கணுக்கால் சுளுக்கிலிருந்தோ முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்தோ மீண்டுவரும் ஓரியன்டீரிங் வீரர்கள் அடிக்கடி ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இந்தப் பருவத்தில் மெதுவாகவாவது போட்டியிடலாமா, அல்லது ஓட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளப்பின் போட்டியை நடத்தக் கைகொடுக்கலாமா? போட்டியிடுவது உடலுக்குச் சுமை, நடத்துவது உடலுக்கு ஓய்வு என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அந்த எண்ணம் பல நேரங்களில் பொய்த்துப்போகிறது. விடியுமுன் காட்டுக்குள் சென்று கன்ட்ரோல்களை நட்டு, மாலையில் அவற்றைத் திரும்ப எடுத்து வருபவர், அன்றைய வெற்றியாளரைவிட அதிக தூரத்தை, அதுவும் தோளில் சுமையோடு, கடந்திருக்கக்கூடும். போட்டி வகைகளிலோ, பாதையைவிட்டு இறங்காமல் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கலந்துகொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. ஆகவே போட்டியா, நிர்வாகமா என்று இரண்டாகப் பிரிப்பதைக் கைவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் வேலைகளைத் தனித்தனியே எடைபோடுவதே பயன்தரும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், காயம்பட்ட உறுப்பின்மீது விழும் சுமையின் தன்மை. தூரத்தை வைத்து மட்டும் இதைக் கணக்கிட முடியாது. காட்டுப் போட்டித் தடத்தின் நீளம் கன்ட்ரோலிலிருந்து கன்ட்ரோலுக்கு நேர்கோட்டில் அளக்கப்படுவதால், கால்கள் உண்மையில் கடக்கும் தூரம் அறிவிப்பில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தத் தூரமும் வேர்கள், வழுக்கும் கற்கள், சருகு மூடிய குழிகள் ஆகியவற்றின்மீது கடக்கப்படுவது. நிலத்தின் தன்மை, சரிவு, தரையின் கடினம், நின்றுகொண்டே இருக்க வேண்டிய நேரம், தூக்க வேண்டிய எடை ஆகிய ஐந்தையும் சேர்த்துத்தான் சுமை என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா என்பது. மைதானத்தில் ஓடுபவருக்கு வலி எடுத்தால் ஓரமாக அமர்ந்துவிடலாம். தடத்தின் தொலைவான மூலையில் இருப்பவரோ, வலி எடுத்த பிறகும் முடிவுக்கோடுவரை நடந்தே வர வேண்டும். இடையில் விலகினாலும் முடிவுக்கோட்டில் வந்து தெரிவிப்பது கட்டாயம், இல்லையென்றால் தேடுதல் குழு கிளம்பிவிடும். காயத்தை மோசமாக்குவது பல நேரங்களில் வலி தொடங்கிய கணம் அன்று. அதற்குப் பிறகு வேறு வழியின்றி நடக்க நேர்ந்த அந்தக் கடைசித் தொலைவுதான்.

மூன்றாவது, விலகினால் யாருக்கு நட்டம் என்பது. போட்டியாளர் விலகினால் பதிவுக் கட்டணம் போகும். தொடர் ஓட்ட அணியில் இருந்தால் இன்னும் இருவர் வருந்துவர். கன்ட்ரோல்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் தட அமைப்பாளர் கடைசி வாரத்தில் விலகினால் போட்டியே நடக்காமல் போகலாம். குணமடையும் நாள் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாததாக இருக்கையில், ஒரு தேதிக்குக் கட்டுப்பட்ட வாக்குறுதியைக் கொடுப்பதன் விலையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

நான்காவது, காயம் ஆறி மீண்டும் ஓடத் தொடங்கும்போது திறமையில் எது மிஞ்சியிருக்கும் என்பது. இந்த விளையாட்டில் கால்களின் வேகத்தோடு வரைபட வாசிப்பும் சரிபாதியாகச் சேர்ந்திருப்பதால், உடல் ஓய்வெடுக்கும் மாதங்களிலும் வளர்த்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கவே செய்கிறது. இந்த வாய்ப்பு மற்றப் பல ஓட்டப் போட்டிகளில் கிடையாது.

கிளப் நண்பர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் கீழே வரும் எல்லா வழிகளும் அதை ஏறக்குறைய சமமாகவே தருவதால், தனி அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளவில்லை.

## எந்தக் காயம் என்பது கணக்கையே மாற்றும்

ஒரே வேலை ஒரு காயத்துக்கு மருந்தாகவும் இன்னொன்றுக்குக் கேடாகவும் முடியும் என்பதால், வழிகளை ஒப்பிடும்முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

கணுக்கால் சுளுக்கு இந்த விளையாட்டில் மிகுதியாகக் காணப்படும் காயங்களில் ஒன்று. பாதம் உள்நோக்கி மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புறத் தசைநார்கள் இழுபடுகின்றன அல்லது கிழிகின்றன. வீக்கம் வடிந்து வலி நின்ற பிறகும், பாதம் எந்தக் கோணத்தில் தரையில் படுகிறது என்பதைப் பார்க்காமலே உணர்ந்து திருத்திக்கொள்ளும் திறன் சில காலம் மந்தமாகவே இருக்கும். கண் வரைபடத்தில் பதிந்திருக்கையில் கால் தானாகவே தரையை உணர வேண்டிய விளையாட்டில், ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்குவதற்கு இதுவே முதன்மையான காரணம். கணுக்கால் காப்புப் பட்டையும் ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் மறு சுளுக்கின் வாய்ப்பைக் குறைக்கின்றன என்றாலும், இந்தக் காயத்துக்குக் கரடுமுரடான காடே பகை. சமமான தரை நட்பு.

குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் தசைநாணில் ஏற்படும் நாட்பட்ட வலிக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. காட்டின் மென்மையான தரையில் நிதானமாக நடப்பதைத் தாங்கிக்கொள்ளும் நாண், கல் பாவிய தெருவில் வேகமாக ஓடி, படிகளில் பாய்ந்து ஏறி, சட்டென்று நின்று கிளம்புவதைத் தாங்காது. தசைநாண் வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் அளவீடு ஒன்று உண்டு: 0 முதல் 10 வரையிலான வலி அளவில் பயிற்சியின்போது 5 வரை ஏறினாலும், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் அந்தச் சுமையைத் தொடரலாம். இந்தச் சலுகையை எலும்பில் ஏற்படும் அழுத்த விரிசலுக்கு நீட்டிக்கவே கூடாது. அங்கே சிறு வலியும் நிறுத்தச் சொல்லும் அறிகுறிதான்.

முழங்காலின் முன் சிலுவைத் தசைநாரை அறுவை சிகிச்சையால் சீரமைத்தவர்களுக்கு, சுழன்று திரும்பும் விளையாட்டுகளுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதங்களாவது காத்திருக்கும்படி பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. காட்டில் பள்ளத்துக்குள் குதிப்பதும், மரக்கட்டையைத் தாண்டி இறங்கியவுடன் திசை திரும்புவதும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

கை முறிந்தவர்கள் தங்கள் கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று எண்ணிக் காட்டுக்குள் இறங்கிவிடுவது உண்டு. விழும்போது உடல் தன்னிச்சையாக ஊன்றுவது அந்தக் கையைத்தான் என்பதையும், வரைபடத்தையும் திசைகாட்டியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு புதரை விலக்குவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

## மேசை வேலை

பதிவுகளைப் பெறுதல், தொடக்க நேரப் பட்டியல் தயாரித்தல், முடிவுகளைக் கணினியில் ஏற்றுதல், வரைபடத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்புதல் ஆகியவை இதில் அடங்கும். ஊன்றுகோலோடு நடக்கும் முதல் வாரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பங்களிப்பு இல்லை. ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர், பர்ப்பிள் பென் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால், வரைபடம் வரையவும் தடம் அமைக்கவும் கற்றுக்கொள்ள இந்த ஓய்வுக்காலம் கைகொடுக்கும்.

இதன் மறைமுகச் செலவுகள் இரண்டு. அறுவை சிகிச்சை செய்த காலைத் தொங்கவிட்டபடி பல மணி நேரம் அமர்ந்திருந்தால் வீக்கம் கூடும்; காலை உயர்த்தி வைக்க இடமும், எழுந்து நடக்க இடைவேளையும் முன்பே கேட்டுப் பெற வேண்டும். மற்றொன்று போட்டி நாளின் அழுத்தம். ஸ்போர்ட்ஐடென்ட், எமிட் போன்ற மின்னணுப் பதிவுக் கருவிகளைப் போட்டியன்று காலையில்தான் முதன்முதலாகத் தொடுகிறவர், முடிவுகளுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே திணறிப்போவார். முந்தைய சிறு போட்டி ஒன்றில் பழகிக்கொண்டால்தான் இது எளிய வேலையாக இருக்கும்.

திறமையைப் பொறுத்தவரை இங்கே கிடைப்பது, பலரும் நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் இடையே யார் எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்ற பட்டியலும், லைவ்லாக்ஸ் போன்ற தளங்களில் வீரர்கள் ஏற்றும் ஓட்டத் தடங்களும் கையில் இருக்கும்போது, ஒரே இடைவெளியை நான்கு பேர் நான்கு விதமாக எப்படிக் கடந்தார்கள் என்பதை நிதானமாகப் படிக்கலாம். ஓடிக்கொண்டிருந்த பருவத்தில் இதற்குப் பொறுமை இருந்திருக்காது.

## தட அமைப்பாளர் பொறுப்பு

காயம்பட்டவர்களிடம் கிளப் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்; அவர்களும் மேசை வேலை என்று நினைத்து ஒப்புக்கொள்வார்கள். இதில் பாதி மேசை வேலை என்பது உண்மை. மீதிப் பாதியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் தடம் வரைந்தபின், ஒவ்வொரு கன்ட்ரோல் இடத்தையும் நேரில் சென்று பார்த்து அடையாள நாடா கட்ட வேண்டும். சரிபார்ப்பாளர் அந்த இடங்களைத் தனியே பார்த்துக் குறை சொன்னால், மாற்றிய இடங்களுக்கு மீண்டும் செல்ல வேண்டும். போட்டிக்கு முந்தைய நாளோ அன்று அதிகாலையோ கம்பமும் கொடியும் மின்னணுப் பெட்டியும் சுமந்துபோய் நட வேண்டும். முடிந்தபின் அத்தனையையும் எடுத்து வர வேண்டும். போட்டியாளர் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு அமைப்பாளர் மூன்று, நான்கு முறை போகிறார். அதிலும் ஒரு போட்டியில் சிறுவர் தடம் முதல் கடினமான நெடுந்தடம் வரை பல தடங்கள் இருப்பதால், எந்த ஒரு வீரரும் பார்க்காத எண்ணிக்கையில் கன்ட்ரோல்களை அவர் பார்த்தாக வேண்டும். நடை மெதுவானது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வேறொரு நாள் தொடரலாம் என்பவை அவருக்குச் சாதகமானவை; பாதையைவிட்டு விலகிய கரடான நிலம், தனியாக இருத்தல், போட்டித் தேதி நெருங்க நெருங்கத் தள்ளிப்போட முடியாமல் போவது ஆகியவை பாதகமானவை.

ஆனாலும் இந்தப் பொறுப்புக்குச் சார்பாக ஒரு வலுவான காரணம் உண்டு. தடம் அமைத்தவர் அந்தப் போட்டியில் ஓட முடியாது; வரைபடத்தையும் கன்ட்ரோல் இடங்களையும் முன்கூட்டியே பார்த்த எவரும் முறையான போட்டியாளராகக் கருதப்படுவதில்லை. நலமாக இருக்கும் வீரருக்கு இது பெரிய இழப்பு, அதிலும் கிளப்பின் மிகச் சிறந்த காடு அந்தப் போட்டிக்குப் பயன்படுவதாக இருந்தால் இன்னும் வருத்தமானது. எப்படியும் ஓட முடியாத பருவத்தில் இருப்பவருக்கோ அந்த இழப்பு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. என்றாவது ஒருநாள் தடம் அமைக்கும் முறை நமக்கும் வரத்தான் போகிறது என்றால், அந்தக் கடனைத் தீர்க்க மிக மலிவான பருவம் காயப்பட்ட பருவமே.

திறமைக்கும் இதுவே நல்ல பயிற்சி. ஒரு தாழ்நிலத்தின் எந்த விளிம்பில் கொடியை வைப்பது, எந்தக் கோணத்திலிருந்து வருபவருக்கு அது தெரியக்கூடாது, எந்த இடைவெளியில் இரண்டு வழிகளும் ஏறக்குறைய சம நேரம் எடுக்கும் என்றெல்லாம் யோசித்தவர், அடுத்த முறை வேறொருவர் அமைத்த தடத்தில் ஓடும்போது அமைப்பாளரின் மனத்தை வாசிக்கத் தொடங்குகிறார். காட்டு வரைபடத்தின் அடிப்படை அளவுத்திட்டமான 1:15,000-இல் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 15 மீட்டர். அந்த 15 மீட்டருக்குள் ஒரு பாறையையும் அதை ஒட்டிய பள்ளத்தையும் எப்படி வேறுபடுத்துவது என்பது, நின்று பார்க்க நேரம் உள்ளவருக்கே பிடிபடும்.

என் கருத்தில், இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே காயப்பட்டவர் இதை ஏற்க வேண்டும். ஒன்று, மருத்துவர் சொன்ன மீட்புக் கால எல்லைக்குப் பிறகும் சில வாரங்கள் மிச்சமிருக்கும்படி போட்டித் தேதி அமைந்திருக்க வேண்டும். ஊன்றுகோல் காலத்தில் வரைவு, நடக்கத் தொடங்கிய பின் கள ஆய்வு என்று வேலையும் உடலும் ஒரே வரிசையில் முன்னேற அது இடம் தரும். மற்றொன்று, நல்ல கால்கள் உள்ள ஒரு துணை அமைப்பாளர் தொடக்கத்திலிருந்தே பெயரளவில் இல்லாமல் பொறுப்போடு உடன் இருக்க வேண்டும். துணையில்லாமல் ஏற்றுக்கொண்டு, கடைசி வாரத்தில் கால் ஒத்துழைக்காததால் சில கன்ட்ரோல்களை நேரில் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் நம்பி நடச் சொல்வது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. ஒரு கன்ட்ரோல் தவறான இடத்தில் நின்றால் அந்தத் தடத்தின் முடிவுகள் முழுவதும் செல்லாமல் போக நேரிடும்.

## போட்டி நாள் களப்பணி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கன்ட்ரோல்களைத் திரும்ப எடுப்பது, குடிநீர் சுமப்பது, கூடாரம் அடிப்பது ஆகியவை காயம் ஆறும் எவருக்கும் ஏற்றவையல்ல. களைத்துப்போன மாலை நேரத்தில், சுமையோடு, வெளிச்சம் குறையும் காட்டில் நடக்கும் வேலை அது. தொடக்கக் கோட்டுப் பணி எளிதாகத் தோன்றினாலும், அங்கு போய்ச் சேரவே நீண்ட நடை தேவைப்படலாம். பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் நின்றபடி இருக்க வேண்டும். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் நிற்பது நடப்பதைவிடக் கடினமாக இருக்கும். நாற்காலி போட்டு அமர்ந்து செய்யக்கூடிய முடிவுக்கோட்டுப் பணி மட்டுமே கேட்டுப் பெறத் தக்கது.

## டிரெயில் ஓரியன்டீரிங்கில் போட்டியிடுதல்

நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் சமமாகப் போட்டியிட உருவான வகை இது. உலக சாம்பியன்ஷிப் 2004-இல் தொடங்கியது. இதன் ப்ரீ-ஓ பிரிவில் போட்டியாளர் பாதையிலேயே நின்று, தூரத்தில் தெரியும் பல கொடிகளில் எது வரைபடத்திலும் கன்ட்ரோல் விவரத்திலும் (கொடி எந்த நில அம்சத்தில், எந்தப் பக்கம் இருக்கும் என்ற குறிப்பு) குறிக்கப்பட்ட இடத்தில் சரியாக நிற்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். எதுவுமே சரியில்லை என்பதும் விடையாக இருக்கலாம். மொத்த நேர வரம்புக்குள் முடித்தால் போதும், நடையின் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. டெம்ப்-ஓ பிரிவில் நிலையத்தில் அமர்ந்து விரைவாக விடை சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்ட நொடிகளோடு ஒவ்வொரு தவறுக்கும் 30 நொடிகள் சேர்க்கப்படும்.

சுமை, நிறுத்தும் வசதி, உதவிக்கு அருகாமை ஆகிய அனைத்திலும் இதுவே முன்னணியில் நிற்கிறது. வரைபட வாசிப்பின் மிக நுணுக்கமான பகுதியான சமவுயரக் கோடுகளைத் தரையோடு பொருத்திப் பார்ப்பது இங்கே கூர்மையாகிறது. வழித்தேர்வு, ஓடியபடி திசைகாட்டியைப் பின்பற்றுதல், அடிகளை எண்ணித் தூரம் அறிதல் ஆகியவற்றுக்கு இது பயிற்சி தராது.

இதற்கும் செலவுகள் உண்டு. இத்தகைய போட்டிகள் குறைவாகவே நடக்கின்றன. ஒவ்வொரு புதிருக்கும் பல கொடிகளை மிகத் துல்லியமாக நட வேண்டியிருப்பதால் அமைப்பாளர்கள் எளிதில் முன்வருவதில்லை. ப்ரீ-ஓவில் ஒவ்வொரு இடத்திலும் நீண்ட நேரம் நின்று பார்க்க நேர்வதால், ஊன்றுகோலோடு வருபவர் மடக்கு இருக்கை வைத்துக்கொள்வது நல்லது. பாராலிம்பிக் பிரிவு நிரந்தர உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு உரியது என்பதால், தற்காலிகக் காயத்தோடு வருபவர் ஊன்றுகோல் ஊன்றியிருந்தாலும் திறந்த பிரிவில்தான் பதிய வேண்டும்.

## குறுந்தடமும் ஸ்கோர் வகையும்

நடக்க அனுமதி கிடைத்து, ஓட இன்னும் அனுமதி கிடைக்காத காலத்துக்கு ஏற்றவை இவை. இரண்டில் ஸ்கோர் வகையே மேல் என்பேன். குறித்த நேரத்துக்குள், விரும்பிய வரிசையில், விரும்பிய கன்ட்ரோல்களை எடுத்துப் புள்ளிகள் சேர்ப்பதே அதன் விதி. எனவே பாதையோரக் கன்ட்ரோல்களை மட்டும் தேர்ந்துகொள்ளவும், எந்த இடத்திலிருந்தும் நடந்தே விரைவில் முடிவுக்கோட்டை அடையும்படி சிறு வளையங்களாகத் திட்டமிடவும் அது இடம் தருகிறது. வரிசை கட்டாயமான சாதாரணத் தடத்தில், மூன்றாவது கன்ட்ரோல் செங்குத்துச் சரிவின் அடியில் இருந்தால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

ஸ்கோரின் ஆபத்து அதன் கடைசிப் பத்து நிமிடங்களில் இருக்கிறது. தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளிகள் கழிக்கப்படுவதால், அதுவரை ஒழுங்காக நடந்து வந்தவர் அப்போது ஓடத் தொடங்குவார். கழிவை ஏற்றுக்கொள்வது என்று தொடங்கும்முன்பே முடிவு செய்துகொள்ளாதவர் இந்த வகையைத் தவிர்ப்பதே மேல்.

வரிசைத் தடத்தில் நடப்பவர் கவனிக்க வேண்டியது தடம் மூடும் நேரம். நடை வேகத்தில் வழக்கமானதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நேரமாகும் என்பதால், முதல் தொடக்க நேரங்களில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். நடந்துதான் வருவேன் என்று தொடக்கத்திலேயே அமைப்பாளரிடம் சொல்லிவிடவும் வேண்டும். விசில் எடுத்துச் செல்வதில் விதிவிலக்கே இல்லை. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது உதவி கேட்கும் குறி.

## ஸ்பிரின்ட்

வெற்றியாளர் 12 முதல் 15 நிமிடங்களில் முடித்துவிடும்படி அமைக்கப்படுவதாலும், பூங்காக்களிலும் தெருக்களிலும் நடப்பதாலும், காயத்திலிருந்து திரும்புபவர்கள் இதைப் பாதுகாப்பான வாசலாகக் கருதுகிறார்கள். கணுக்கால் சுளுக்கிலிருந்து மீண்டவருக்கு அது பெரும்பாலும் சரி: தரை சமமானது, உதவி அருகில் இருக்கிறது, எந்த மூலையிலும் நிறுத்திக்கொள்ளலாம். அக்கிலீஸ் வலி, கெண்டைச்சதைக் கிழிவு, அழுத்த விரிசல், முழங்கால் தசைநார் ஆகியவற்றுக்கு இது காட்டைவிட மோசமானது. 1:4,000 வரைபடத்தில் திருப்பங்கள் அடுத்தடுத்து வருவதால், முழு வேகத்தில் நின்று, திரும்பி, மறுபடி பாய்வது கடினத் தரையில் பல முறை நிகழ்கிறது. மெதுவாக ஓடுவேன் என்ற தீர்மானம், முன்னால் ஒருவர் போவதைக் கண்டதும் கலைந்துபோவதற்கும் இந்த வகையைப் போல வேறெதுவும் தூண்டுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | காலின்மீது சுமை | நினைத்த இடத்தில் நிறுத்தும் வசதி | விலகினால் நட்டம் | வளரும் திறமை | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| மேசை வேலை | மிகக் குறைவு | உண்டு | நடுத்தரம் | பிறர் வழிகளை ஆராய்தல் | ஊன்றுகோல் காலம், அழுத்த விரிசல் |
| தட அமைப்பு | தொடக்கத்தில் குறைவு, இறுதியில் அதிகம் | தேதி நெருங்கும்வரை உண்டு | மிக அதிகம் | தட வடிவமைப்பு, நில வாசிப்பு | நீண்டகால மீட்பு, துணை உள்ளவர் |
| களப்பணி | அதிகம் | குறைவு | நடுத்தரம் | ஏதுமில்லை | அமர்ந்து செய்யும் பணி மட்டும் |
| டிரெயில் | மிகக் குறைவு | உண்டு | கட்டணம் மட்டும் | சமவுயரக் கோடு வாசிப்பு | ஏறக்குறைய அனைவருக்கும் |
| ஸ்கோர் நடை | திட்டத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் உண்டு | கட்டணம் மட்டும் | வழித்தேர்வு, திட்டமிடல் | நடக்க அனுமதி பெற்றவர் |
| ஸ்பிரின்ட் | குறுகிய நேரம், கடுமையானது | உண்டு | கட்டணம் மட்டும் | விரைவு முடிவு | ஆறிய கணுக்கால் |

## ஒரே நாளில் இரண்டும்

காலையில் தொடக்கக் கோட்டில் உதவிவிட்டுப் பிறகு குறுந்தடம் ஒன்றில் ஓடுவது, அல்லது ஓடி முடித்துவிட்டுக் கன்ட்ரோல்களை எடுக்கப் போவது பல கிளப்களில் வழக்கம். நலமானவர்களுக்கு அது இயல்பானது. காயம் ஆறுபவர் இதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு சுமைகளும் தனித்தனியே தாங்கக்கூடியவையாக இருந்தாலும், மூன்று மணி நேரம் நின்ற காலோடு காட்டில் இறங்குவது, அந்தக் காலுக்கு மருத்துவர் கொடுத்த அனுமதியில் அடங்காத வேறொரு செயல். போதாக்குறைக்கு, மறுநாள் வீக்கம் வந்தால் காரணம் ஓட்டமா, நின்றதா என்று பிரித்தறியவும் முடியாது. அடுத்த வாரச் சுமையைத் தீர்மானிக்க உதவியிருக்கும் ஒரே தகவலும் அதோடு போய்விடும்.

## முழுக் காட்டுத் தடத்துக்குத் திரும்புதல்

இதற்கான நாளை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது. சில எளிய சோதனைகள் தீர்மானிக்கட்டும். சமமற்ற நிலத்தில் ஒரு மணி நேரம் நடந்த மறுநாள் வீக்கமோ விறைப்போ இல்லாமை, காயம்பட்ட காலில் மட்டும் தாவி இறங்கும்போது மற்றக் காலுக்கு ஈடான உறுதி, இறக்கத்தில் தயங்காமல் மெல்லோட்டம் ஓட முடிவது ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. வலி நிவாரணி மாத்திரையோடு செய்த சோதனை சோதனையாகாது. நிறுத்தச் சொல்லும் குரலை முதலிலேயே அடக்கிவிட்டுக் கேட்பதற்கு அங்கே ஒன்றுமிருக்காது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் பட்டியலில் 2022 தொடக்கத்திலிருந்து, உடலின் எந்தப் பகுதியில் போடப்படும் குளூக்கோகார்ட்டிகாய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. அந்த விதிகளுக்கு உட்பட்ட போட்டிகளில் ஓடவிருப்பவர், ஊசி போடும் நாளையும் போட்டி நாளையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

முதல் போட்டியாக வழக்கமான பிரிவைத் தேர்ந்து மெதுவாக ஓடுவதைவிட, நீளத்திலும் கடினத்திலும் ஒரு படி குறைந்த தடத்தில் பதிவது பயன்மிக்கது. வேகத்தைக் குறைத்தாலும் நீளமான தடத்தின் தொலைவான மூலை தொலைவாகவே இருக்கும்.

பதிவு செய்யும் நேரமும் முடிவைப் பாதிக்கிறது. முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் குறைவு என்பதால் பலரும் குணமாகும்முன்பே பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே, மருத்துவர் தலையசைக்காத காலோடு தொடக்கக் கோட்டுக்கு வந்து நிற்கிறார்கள். தாமதப் பதிவுக்கான கூடுதல் கட்டணம், ஒரேயொரு இயன்முறைச் சிகிச்சை அமர்வுக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். முந்தைய வாரத்துச் சோதனை நடை முடிந்து, அதன் மறுநாள் காலை கால் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கடைசி நாளில் அந்தக் கூடுதல் தொகையைக் கட்டிப் பதிவதே சிக்கனம்.